வாஷிங்டன் சபையும் நமது ஒன்றரை ஷிப்டும்

கணியூர் பஸ் நிறுத்தத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால், பனியன் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நம் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். இருட்டோடு போய் இருட்டோடு திரும்பும் ஜனங்கள். 2025 செப்டம்பரில் ஒருநாள், ஒரு வேன் வரவில்லை. செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா தூக்குப் போசியோடு நின்றுகொண்டிருந்தார். கட்சிப் பத்திரிகைக் கட்டை இறக்க வந்த என்னைப் பார்த்ததும் கேட்டார்:

“ஏனுங் தம்பி, அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டானாம், ஆர்டர் நின்னு போச்சாம். இனி வாரத்துக்கு மூணு நாளுதான் வேலையாம். அந்த ஊர்ல சட்டசபை இருக்குமல்ல? எத்தன பேரு கை தூக்கி இந்த வரியப் போட்டாங்க?”

சரியான கேள்வி! படித்தவர்கள் கேட்க மறந்த கேள்வி. அன்று எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. பத்தாவதோடு நின்றவன் நான். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பதில் இதுதான்: ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

உலகத்துக்கே ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லும் நாட்டில் இது எப்படி நடந்தது? அங்கே சட்டம் எப்படிப் பிறக்கிறது? யாருக்காக விரைவாகப் பிறக்கிறது, யாருக்காகப் பிறக்காமலே சாகிறது? இதைத் தெரிந்துகொண்டால் நம் சென்னைச் சட்டசபையையும் டெல்லிப் பார்லிமெண்டையும் பார்க்க நமக்குப் புதிய கண் கிடைக்கும்.

அங்கே காங்கிரஸ் என்றால்...

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்காவில் காங்கிரஸ் என்பது கட்சியின் பெயரல்ல. அவர்களுடைய பார்லிமெண்டுக்கே அதுதான் பெயர். அதில் இரண்டு சபைகள். கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபையில் 435 பேர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். மேல்சபையான செனட்டில் 100 பேர். ஆறு வருஷப் பதவி. ஜனாதிபதிக்கும் அவருடைய மந்திரிகளுக்கும் இந்தச் சபைகளில் அங்கத்தினர் ஸ்தானம் கிடையாது. நம் நாட்டில் சட்டசபையில் பெரும்பான்மை உள்ளவர்தான் முதல்வர். அங்கே ஜனாதிபதி ஒரு கட்சி, சபை வேறொரு கட்சி என்று இருப்பது சகஜம்.

செனட்டில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் இரண்டு பேர். நாலு கோடியை நெருங்கும் ஜனங்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு. ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு! நம் ராஜ்ய சபையில் ஜனத்தொகையை அனுசரித்துத்தான் இடம், தமிழ்நாட்டுக்கு 18. அங்கே ஜனங்களுக்குக் கணக்கில்லை, எல்லைக்கோட்டுக்குத்தான் கணக்கு. அதுமட்டுமல்ல. 1913 வரையில் செனட் அங்கத்தினர்களை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. மாகாணச் சட்டசபைகள்தான் தேர்ந்தெடுத்தன. ஜனங்களின் வேகத்துக்கு ஒரு தடுப்பணை வேண்டும் என்று எண்ணியே கட்டிய சபை அது.

மசோதாவின் வழிநடை

ஒரு மசோதா அங்கே சட்டமாக வேண்டுமானால் எத்தனை சுங்கச்சாவடிகளைத் தாண்ட வேண்டும், தெரியுமா?

அங்கத்தினர் ஒருவர் மசோதாவைத் தாக்கல் செய்கிறார். அது அந்தந்த விஷயத்துக்குரிய கமிட்டிக்குப் போகிறது. கமிட்டித் தலைவர் விரும்பினால்தான் விசாரணைக்கு எடுப்பார். பெரும்பாலான மசோதாக்களுக்கு இங்கேயே சமாதி. கமிட்டியில் பிழைத்தால், எந்த நாளில் விவாதம், எத்தனை மணி நேரம், எந்தத் திருத்தம் கொண்டுவரலாம் என்று தீர்மானிக்க இன்னொரு கமிட்டி. அதையும் தாண்டினால் கீழ்ச்சபையில் ஓட்டெடுப்பு.

பிறகு செனட். இங்கேதான் பெரிய வேடிக்கை. செனட்டில் அங்கத்தினர் ஒருவர் பேச எழுந்தால், அவரை உட்காரச் சொல்லச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. 100 பேரில் 60 பேர் வேண்டும். 1957இல் நீக்ரோ மக்களின் ஓட்டுரிமை மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற தென்மாகாண செனட்டர் ஒருவர் 24 மணி 18 நிமிஷம் நின்று பேசினார்! இப்போது அப்படி நின்று கால் கடுக்கப் பேச வேண்டியதுகூட இல்லை. “தடுப்பேன்” என்று சொன்னாலே போதும். 60 பேர் சேராவிட்டால் மசோதா ஓட்டுக்கே வராது. அதாவது 41 பேர் நினைத்தால் 59 பேரைக் கட்டிப்போடலாம்.

இரண்டு சபையும் ஒரே வாசகத்தை நிறைவேற்றிய பிறகு ஜனாதிபதியிடம் போகிறது. அவர் ஒப்பமிடலாம், மறுத்துத் திருப்பியும் அனுப்பலாம். அவர் மறுத்ததைத் தள்ளிச் சட்டமாக்க, இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

“நல்லதுதானே தோழர், அவசரப்படாமல் நிதானமாகச் சட்டம் செய்கிறார்கள்!” என்று சிலர் சொல்லக்கூடும். நிதானம் நல்லதுதான். ஆனால் நிதானம் யாருக்கு, அவசரம் யாருக்கு என்று சரித்திரத்தைக் கேட்டுப் பார்ப்போம்.

எந்த வண்டிக்குக் கதவு திறக்கிறது?

1947. தொழிற்சங்கங்களின் கையைக் கட்டும் டாப்ட் - ஹார்ட்லி மசோதாவை இரண்டு சபையும் நிறைவேற்றின. ஜனாதிபதி ட்ரூமன் மறுத்தார். மூன்றில் இரண்டு பங்கு கிடைப்பது கல்லில் நார் உரிப்பதாயிற்றே! ஆனால் கிடைத்தது. கீழ்ச்சபையில் 331க்கு 83, செனட்டில் 68க்கு 25. சில நாட்களுக்குள் காரியம் முடிந்தது. அந்தச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது.

2021 மார்ச் 9. சங்கம் சேரும் தொழிலாளியைப் பழிவாங்கும் முதலாளிக்கு அபராதம் விதிக்கும் மசோதா கீழ்ச்சபையில் 225க்கு 206 என்று நிறைவேறியது. செனட்டுக்குப் போனது. அங்கே 60 பேர் சேரவில்லை. ஓட்டெடுப்பே இல்லாமல் செத்தது. அதற்கு முந்தைய வருஷம் நிறைவேறிய இதே மசோதாவுக்கும் அதே கதிதான்.

குறைந்தபட்சச் சம்பளத்தைப் பாருங்கள். மணிக்கு 7 டாலர் 25 சென்ட் என்று 2009 ஜூலையில் வந்தது. அதற்குப் பின் மத்திய சட்டம் ஒரு சென்ட்கூட ஏற்றவில்லை. 2019இல் 15 டாலராக்கும் மசோதாவைக் கீழ்ச்சபை நிறைவேற்றியது. செனட் எடுத்துப் பார்க்கவே இல்லை.

ஆனால் அந்த 60 பேர் என்ற பூட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி இருக்கிறது. வரவு செலவு சம்பந்தப்பட்ட மசோதா என்றால் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று ஒரு விசேஷ வாசல் வைத்திருக்கிறார்கள். 2017இல் கம்பெனிகளின் வரியை 35 சதவிகிதத்திலிருந்து 21 ஆகக் குறைத்த சட்டம் இந்த வாசல் வழியாகத்தான் போனது. 2025 ஜூலையில் டிரம்ப்பின் பெரிய வரிச்சட்டமும் இதே வாசல்தான். செனட்டில் 50க்கு 50 நின்றபோது உதவி ஜனாதிபதி ஒரு ஓட்டுப் போட்டு முடித்து வைத்தார். ஆனால் 2021இல் கொரோனா நிவாரண மசோதாவோடு 15 டாலர் சம்பளத்தையும் இதே வாசலில் கொண்டுபோகப் பார்த்தபோது, “இது வரவு செலவு விஷயமல்ல” என்று செனட்டின் விதிமுறை அதிகாரி சொல்லிவிட்டார். நிவாரணம் உள்ளே போயிற்று. சம்பளத்தை மட்டும் வாசலில் இறக்கிவிட்டார்கள். சாண்டர்ஸ் என்ற செனட்டர் திருத்தமாகக் கொண்டுவந்தார். 42க்கு 58 என்று தோற்றது.

அப்படியானால் தொழிலாளிக்குச் சாதகமான சட்டமே அங்கே பிறந்ததில்லையா? பிறந்திருக்கிறது. 1935இல் சங்கம் சேரும் உரிமைச் சட்டம். 1938இல் வேலை நேரச் சட்டம்: மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சச் சம்பளம், வாரத்துக்கு 44 மணியில் ஆரம்பித்துப் பிறகு 40 மணிக்கு வந்த வரம்புக்கு மிகையான நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. அவை எந்தக் காலத்தில் வந்தன? பசியும் பட்டினியுமாக வேலையில்லாத் திண்டாட்டம் தாண்டவமாடிய காலம். பிளின்ட் நகர மோட்டார்த் தொழிலாளர்கள் 1936 கடைசியில் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வெளியே வர மறுத்த காலம். வெளியே கதவு தட்டப்பட்டது; உள்ளே தாழ்ப்பாள் விலகியது. அப்போதும் விவசாயத் தொழிலாளியையும் வீட்டு வேலைக்காரியையும் வெளியே நிறுத்திவிட்டுத்தான் திறந்தார்கள்.

திருப்பூரைத் தாக்கிய கையெழுத்து

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் ஷரத்து, 8வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வரியும் சுங்கமும் விதிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கே. 1930 வரையில் ஆயிரக்கணக்கான சாமான்களுக்கு ஒவ்வொன்றாக வரி எழுதியது காங்கிரஸ்தான். அந்த வருஷத்துச் சுங்கச் சட்டம் பெரும் நெருக்கடியை இன்னும் மோசமாக்கிற்று. அதன்பின் 1934இலிருந்து அதிகாரத்தைத் துண்டு துண்டாக ஜனாதிபதிக்கு எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். 1977இல், வெளிநாட்டு ஆபத்து என்று அவசரநிலை பிரகடனம் செய்தால் அந்நிய வியாபாரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று ஒரு சட்டம். அந்தச் சட்டத்தில் ‘சுங்கவரி’ என்ற வார்த்தையே கிடையாது. ஆனாலும் 2025இல் டிரம்ப் அதைக் கையில் எடுத்தார். ஆகஸ்ட் 7 முதல் இந்தியச் சரக்குக்கு 25 சதவிகிதம். ரஷ்ய எண்ணெய் வாங்கினோம் என்று ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25. ஏற்கெனவே இருந்த சுங்கத்துக்கு மேல் 50 சதவிகிதம்! திருப்பூர் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போவது அமெரிக்காவுக்கு. எண்ணெய் வாங்கியது யார், வேன் நின்றது யாருக்கு?

சரி, அதிகாரம் பறிபோவதைப் பார்த்து அந்தக் காங்கிரஸ் சும்மாவா இருந்தது? அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவர யாராவது தீர்மானம் கொடுத்தால், கமிட்டி 15 நாட்களுக்குள் அதைச் சபைக்கு அனுப்பியாக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கனடா, மெக்சிகோ மீது போட்ட வரி விஷயத்தில் இப்படி ஒரு தீர்மானம் வந்துவிடக் கூடாதே என்று கீழ்ச்சபையில் ஆளும் பெரும்பான்மை 2025 மார்ச்சில் ஒரு விதியை நிறைவேற்றியது. என்ன விதி? இந்தக் கூட்டத்தொடர் முடியும் வரையில் வருகிற எந்த நாளும் இந்தக் காரியத்துக்கு ‘நாள்’ ஆகக் கணக்கில் சேராது!

சூரியன் உதிக்கும், மறையும்; ஆனால் நாள் ஆகாது. நம் ஊரில் பஞ்சாங்கம் பார்ப்பவர்கூட இப்படி ஒரு காரியம் செய்யத் துணியமாட்டார். செனட் 2025 அக்டோபர் கடைசியில் வரிகளுக்கு எதிராக அடுத்தடுத்து மூன்று தீர்மானங்களை நிறைவேற்றியது. ஆளுங்கட்சி அங்கத்தினர்கள் சிலரே எதிர்த்து ஓட்டளித்தார்கள். கீழ்ச்சபை தன் விதியைக் காட்டிக் கதவைச் சாத்திக்கொண்டது.

கடைசியில் சபை செய்யாததைக் கோர்ட்டு செய்தது. 2026 பிப்ரவரி 20ந் தேதி, 1977ஆம் வருஷச் சட்டம் சுங்கவரி போட அதிகாரம் தரவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது. உடனே சர்க்கார் 1974ஆம் வருஷச் சட்டம் ஒன்றில் வேறொரு பிரிவைத் தேடிப் பிடித்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் அந்த அக்கா இழந்த சம்பளத்தைத் திருப்பித் தர எந்தக் கோர்ட்டில் மனுப் போடுவது?

நம் வீட்டுக் கதை

அமெரிக்காவை மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. நம் வீட்டையும் பார்ப்போம்.

பனியன் தொழிலாளிக்கு ‘ஒன்றரை ஷிப்டு’ என்றால் விளக்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. எட்டு மணி ஒரு ஷிப்டு, மிச்சம் அரை ஷிப்டு. ஒன்றரைக்கு ஒன்றரைக் கூலி. 1948ஆம் வருஷ பாக்டரிச் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு 9 மணிக்கு மேல், வாரத்துக்கு 48 மணிக்கு மேல் செய்த வேலைக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்று இருந்தது. இந்த விஷயத்தில் ஒன்றரை மடங்கு தரும் அமெரிக்கச் சட்டத்தைவிட நம் சட்டம் மேல். ஆனால் அது ஏட்டில் இருக்கிறது. எத்தனை டேபிளில் இருக்கிறது என்பதை ஓவர்லாக் டெய்லரைக் கேளுங்கள்.

அந்த ஏட்டையும் திருத்த ஒரு மசோதா 2023 ஏப்ரல் 12ந் தேதி தமிழ்நாடு சட்டசபைக்கு வந்தது. 65ஏ என்று ஒரு புதுப் பிரிவு. வேலை நேரம், வார விடுமுறை, இடைவேளை, ஓவர்டைம் கூலி ஆகியவை பற்றிய பிரிவுகளிலிருந்து எந்த பாக்டரிக்கும் சர்க்கார் விலக்குக் கொடுக்கலாம். அதாவது 12 மணி நேர வேலைக்கு வழி. சர்க்கார் தரப்பு என்ன சொன்னது? “வாரத்துக்கு 48 மணி மாறாது, நாலு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, தொழிலாளி விரும்பினால்தான்” என்றது. விரும்பினால்! வேனுக்காகக் காத்து நிற்கிற பெண் “எனக்கு விருப்பமில்லை” என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியுமா? இன்று 12 மணிக்கு ஒன்றரை ஷிப்டுக் கூலி கேட்க நமக்கு வாய் இருக்கிறது. 12 மணியே ஒரு ஷிப்டு என்று எழுதிவிட்டால் அந்த அரை ஷிப்டு எங்கே போகும்?

ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். மசோதா எந்தக் கமிட்டிக்கும் போகவில்லை. தமிழ்நாட்டில் 1986க்குப் பிறகு மேல்சபையும் கிடையாது. “ஆதரிப்போர் ஆம் என்க, எதிர்ப்போர் இல்லை என்க.” குரல் ஓட்டு. முடிந்தது! ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளான இடதுசாரிக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று பெயர்ப் பட்டியல் எதுவும் சபைப் பதிவேட்டில் இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமே எதிர்த்தது. ஏப்ரல் 24ந் தேதி மந்திரிகள் சங்கங்களை அழைத்துப் பேசினார்கள். அன்றே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் தேதி, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் வாபஸ் என்று அறிவித்தார். 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றியதற்குச் சரியாக நூறாவது வருஷம் அது! சபைக்குள் சில நிமிஷத்தில் நிறைவேறியது, சபைக்கு வெளியே பத்து நாளில் திரும்பியது. எதிர்ப்பைக் கேட்டுப் பின்வாங்கியதற்கு அந்தச் சர்க்காரைப் பாராட்டலாம். ஆனால் முதலிலேயே கேட்டிருக்கலாமே? ஒரு கமிட்டி வைத்து, திருப்பூரிலிருந்து ஒரு டெய்லரையும் செக்கிங் பெண்ணையும் அழைத்து விசாரித்திருந்தால் இந்த அவமானம் எதற்கு?

டெல்லியின் அவசரம்

டெல்லிக் கதை இதைவிடக் கொடிது. 2020 செப்டம்பர் 20, ராஜ்ய சபையில் விவசாய மசோதாக்கள். எதிர்க்கட்சிகள் எண்ணி ஓட்டெடுக்கக் கேட்டன. மறுத்துக் குரல் ஓட்டில் முடித்தார்கள். மறுநாள் எட்டு அங்கத்தினர்கள் சஸ்பெண்டு. எதிர்க்கட்சிகள் சபையைப் பகிஷ்கரித்திருந்த வேளை பார்த்து, 22ந் தேதி லோக் சபையிலும் 23ந் தேதி ராஜ்ய சபையிலும் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றினார்கள். முந்தைய வருஷத்துச் சம்பளத் தொகுப்போடு சேர்த்து, பல தலைமுறை போராடிப் பெற்ற 29 சட்டங்கள் நாலு தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. 100 பேருக்கு மேல் உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்குச் சர்க்கார் அனுமதி வேண்டும் என்றிருந்ததை 300 ஆக்கினார்கள். 2025 நவம்பர் 21ந் தேதி இவற்றை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள்.

விவசாயச் சட்டங்களோ வேறு வழி போயின. டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷம் பனியிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29ந் தேதி அதே பார்லிமெண்டு அவற்றை ரத்துச் செய்தது. அதையும் விவாதமில்லாமல், ஒரே நாளில்! நல்லதைச் செய்தாலும் பேசாமல்தான் செய்வோம் என்று சபதம் போலும்.

நம் அங்கத்தினருக்கு இன்னொரு கட்டு உண்டு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடலாம். விலைபோகும் ஆட்களைத் தடுக்க வந்த சட்டம். அந்த நோக்கம் சரியே. ஆனால் மனச்சாட்சிப்படி ஒரு மசோதாவை எதிர்ப்பவனுக்கும் அதே தண்டனை என்றால் சபையில் விவாதம் எதற்கு? இங்கே அமெரிக்காவில் உள்ள இரண்டு நல்ல வழக்கங்களை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கமிட்டி விசாரணை அநேகமாகப் பகிரங்கமாக நடக்கிறது. ஓட்டெடுப்பில் இன்னார் இப்படி ஓட்டளித்தார் என்று பேர் பேராகப் பதிவாகிறது. டாப்ட் - ஹார்ட்லிக்குக் கை தூக்கிய 331 பேரின் பெயரையும் இன்றும் எவரும் எடுத்துப் பார்க்கலாம். நம் 12 மணி நேர மசோதாவுக்கு ‘ஆம்’ என்ற குரல்களுக்குச் சொந்தக்காரர் யார்? காற்றைத்தான் கேட்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

ஆகவே நீண்ட வழியா, குறுக்கு வழியா என்பதல்ல கேள்வி. அங்கே வழி நீளம். தொழிலாளியின் மசோதா நடந்து நடந்தே சாகிறது. இங்கே வழி குறுக்கு; தொழிலாளி தூங்கி எழுவதற்குள் மசோதா சட்டமாகிவிடுகிறது. இரண்டு இடத்திலும் வழியைத் தெரிந்தவன் ஜெயிக்கிறான். தெரியாதவன் வேனுக்குக் காத்து நிற்கிறான்.

நாம் கேட்பது பெரிதல்ல. தொழிலாளி சம்பந்தப்பட்ட எந்த மசோதாவானாலும், தாக்கல் செய்வதற்கு முன் தமிழில் அச்சிட்டுச் சங்கங்களுக்குக் கொடுக்க வேண்டும். அபிப்பிராயம் சொல்ல ஒரு மாதமாவது அவகாசம் வேண்டும். கமிட்டிக்கு அனுப்பி, உழைப்பவனை அழைத்து விசாரிக்க வேண்டும். குரல் ஓட்டு வேண்டாம். பெயர் சொல்லி ஓட்டெடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நம் தொகுதி அங்கத்தினர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பது கணியூர் டீக்கடையில் பேசப்பட வேண்டும்.

இவற்றை எந்தச் சபையும் தானாகத் தராது. 1938இலும் தரவில்லை, 2021இலும் தரவில்லை, 2023இலும் தரவில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

மறுவாரம் அந்த அக்காவை மீண்டும் பார்த்தேன். “யாருமே கை தூக்கலீங்க அக்கா, ஒருத்தர் கையெழுத்துத்தான்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப நம்ம ஊர்ல நம்ம ஆளுங்க கை தூக்குறாங்களா இல்லயான்னு பாக்கோணுமில்ல?” என்றார்.

பார்க்கத்தான் வேண்டும், அக்கா. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்!